வளர்மதிக்கு மட்டும் கேட்ட சரணம்

பஸ்ஸில் ஸ்பீக்கருக்கு நேர் கீழே உட்கார்ந்து ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டால், பாட்டு காதுக்கு வருவதற்கு முன்னால் பல்லுக்கு வந்துவிடும். கம்பி அதிரும், தாடை அதிரும், எண்ணெய் தடவிய தலை வழுக்கிக்கொண்டே போகும். பெரம்பலூரில் பள்ளிக்கூடம் விட்டுத் திரும்பும் மாலை நேரங்களில் அந்த ஓர் இடத்துக்காக எனக்கும் என் வகுப்புத் தோழி வளர்மதிக்கும் சண்டை நடக்காத நாள் குறைவு. இலவச பாஸ் செல்லும் அரசு பஸ்ஸை "ஊமை பஸ்" என்று ஒதுக்கிவிட்டு, தின்பண்டக் காசைக் கொடுத்து, குரும்பலூர் போகும் தனியார் பஸ்ஸில்தான் ஏறுவோம். அதற்கு நாங்கள் வைத்த பெயர் "பாட்டு பஸ்".

டிரைவர் வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுக்கும்போதுதான் கேசட்டைத் தள்ளுவார். முதலில் சாமி பாட்டு, அடுத்து ஒரு குத்துப்பாட்டு, அதற்கடுத்தது என் பாட்டு. ஓடாமல் போன ஏதோ ஒரு படத்தில் வந்தது, ரேடியோவில்கூட யாரும் போடாதது. கடலுக்குப் போனவன் திரும்பி வரக் காத்திருக்கும் ஒரு பெண் பாடுவதாக வரும். கடலை நான் அதுவரை பார்த்ததில்லை என்றாலும் அந்தக் குரலைக் கேட்டால் காலடியில் மணல் நகர்வது போல இருக்கும். பல்லவி முடிந்து, சரணம் முடிந்து, மறுபடி பல்லவியை எடுக்கும் இடத்தில் சரியாக விசில் ஊதி, கண்டக்டர் என்னைப் பார்ப்பார்: "பாப்பா, ஒங்க ஊரு வந்துருச்சு. கெனா கண்டது போதும், எறங்கு."

என் ஊர் குரும்பலூருக்கு முந்திய நிறுத்தம். வளர்மதி வீடு குரும்பலூரில். பஸ் கிளப்பிவிட்டுப் போகும் புழுதிக்குள் நின்று, ஜன்னலோரத்தில் என் இடத்துக்கு நகர்ந்து உட்காரும் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சினிமாப் பாட்டு என்றால் இரண்டு சரணமாவது இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அந்த இரண்டாவது சரணம் அவளுக்குக் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. நல்ல மார்க், நீளமான சடை, நல்ல குரல் எல்லாம் அவளுக்கு இருந்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். இதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. வயிறு எரிந்தது என்று சொன்னால் அது மிகையில்லை.

மறுநாள் காலையில் வேண்டுமென்றே அதைத்தான் முனகிக்கொண்டு வருவாள். "ரெண்டாவது சரணத்துலதான்டி உசுரே இருக்கு" என்பாள். கொடுக்காப்புளியோ மாங்காய்க் கீற்றோ கொடுத்தால் இரண்டு வரி பாடுவாள், அப்புறம் "மீதி நாளைக்கு" என்று நிறுத்திவிடுவாள்.

"பருத்தி வெடிச்ச காட்டுக்குள்ள
பால்நெலா விழுந்திருச்சு,
பொறுக்கப் போன பொண்ணுக்குத்தான்
பொழுது விடிஞ்சிருச்சு."

கடல் பாட்டில் பருத்திக்காடு எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை. படகில் போனவன் கரையேறி நம் பக்கம் வந்துவிட்டான் என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். லீவு நாட்களில் தன் அம்மாவோடு பருத்தி எடுக்கக் கூலிக்குப் போகிறவள் வளர்மதி என்பது தெரிந்தும் எனக்கு உறைக்கவில்லை.

பொறுக்க மாட்டாமல் ஒருநாள் என் ஊரில் இறங்காமல் உட்கார்ந்துவிட்டேன். வளர்மதியின் முகம் வெளிறிப் போனது. வீட்டில் எனக்கு அடி விழுமே என்று பயப்படுகிறாள் என நினைத்தேன். பல்லவியை மறுபடி எடுத்ததுதான் தாமதம், எதிரே ஒரு சாவு ஊர்வலம் வந்தது. டிரைவர் வண்டியை ஓரங்கட்டிப் பாட்டை நிறுத்தியவர், குரும்பலூர் வரும்வரை மறுபடி போடவே இல்லை. "நல்ல நேரத்துல போச்சுடி" என்று வளர்மதி பெருமூச்சு விட்டாள். திரும்பி நடந்து வீடு போய்ச் சேர்ந்தபோது இருட்டியிருந்தது. அம்மா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டாள். "பாட்டா சோறு போடுது ஒனக்கு? எறங்குற எடம் தெரியாதவளுக்குப் படிப்பு எதுக்கு?" மறுநாளிலிருந்து அந்த வருடம் முடியும்வரை எனக்கு ஊமை பஸ்தான்.

இப்போது அரியலூரில் இருக்கிறேன். சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் போன் பாடிக்கொண்டே இருக்கிறது. புதுப் பையன்களின் முதல் பாட்டு, பொருள் புரியாத மராத்தித் தாலாட்டு, ஆப்பிரிக்கப் பெண்கள் கூடிப் பாடும் ஒன்று என்று தினம் எதையாவது கண்டுபிடிக்கிறேன். நல்ல பாட்டு ஒன்று என் மகளுக்கு முதலில் கிடைத்துவிட்டால் அன்று முழுக்க எனக்கு முகம் சரியாக இருக்காது. போன வாரம் எதையோ தேடப்போய் அந்தக் கடல் பாட்டு அகப்பட்டது. அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டேன். பல்லவி, சரணம், மறுபடி பல்லவி. முடிந்துவிட்டது. வேறொருவர் ஏற்றியிருந்ததைப் போட்டேன், அதுவும் அவ்வளவுதான். தினமும் நான் ஏறக்குறைய முழுப் பாட்டையும் கேட்டுவிட்டுத்தான் இறங்கியிருக்கிறேன்.

குரும்பலூரிலேயே தையல் கடை வைத்திருக்கும் வளர்மதிக்குப் போன் செய்தேன்.

"வளரு, அந்தப் பாட்டுல ரெண்டாவது சரணமே கெடையாதாம்டி."

தையல் மிஷினை நிறுத்தினாள். அப்புறம் சிரித்தாள். "இப்பத்தான் கண்டுபுடிச்சியா? நீ எறங்குனதும் பாட்டு முடிஞ்சிரும். அடுத்த பாட்டு எனக்குப் புடிக்காது. நானா எதையாச்சும் முனகிக்கிட்டே வூடு போயிடுவேன். ஒன்னைய நெனச்சு எத்தன நாளு சிரிச்சிருக்கேன் தெரியுமா?"

"மீதி வரியச் சொல்லுடி."

"அதெல்லாம் யாரு ஞாபகம் வச்சிருக்கா? ரவிக்க தைக்கவே நேரம் பத்தல. வெக்கிறேன், ஆளு வந்துருச்சு."

அப்படியொரு சரணத்தைக் கட்டிவிட்டு, கட்டினோம் என்ற நினைப்பே இல்லாமல் இருக்க அவளால் முடிகிறது. அதற்கும் எனக்கு வயிறு எரிகிறது. குரும்பலூர் பஸ்கள் இன்றும் பாடிக்கொண்டுதான் போகின்றன, தேடினால் போனில் கிடைக்காத பாட்டில்லை. அவள் பாட்டு மட்டும் எங்கேயும் இல்லை. அதைக் கேட்டவள் நான் ஒருத்திதான். நாள் தவறாமல், தவணை தவணையாக, முழுவதையும் எனக்குப் பாடித்தான் காட்டினாள். ஆனால் அவள் பாடும்போதெல்லாம் நான் பொறாமையோடு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் இந்த நாலு வரிக்கு மேல் எதுவும் என் காதில் விழவில்லை.