எங்கள் கூடத்து டாக்டர்

எங்கள் ஆரணியில் அண்ணன் படித்த அரசுப் பள்ளியில் பகுதி நேரமாக ஓவியம் சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்கு ஒரு வருஷம் விபரீத ஆசை வந்தது. பத்தாம் வகுப்புப் பையன்கள் அத்தனை பேரையும் ஆயில் பெயின்ட்டில் வரைந்துவிட வேண்டும் என்று. அவரை யாரும் கேட்கவில்லை. வாரத்தில் மூன்று அரை நாள் பள்ளிக்கு வருவார். மிச்ச நேரத்தில் பட்டுப் புடவைக்குப் பார்டரும் புட்டாவும் கிராப் தாளில் போட்டுக்கொடுத்துப் பிழைப்பார். வருஷக்கணக்காக மாங்காயும் மயிலும் வரைந்து சலித்துப்போய், மனித முகத்துக்கு ஏங்கிவிட்டார் போலிருக்கிறது. தச்சுப் பட்டறையில் மிஞ்சிய ஹார்ட்போர்டுத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, மதிய இடைவேளையில் பையன்களை ஒவ்வொருவனாக உட்கார வைத்தார்.

சும்மா முகத்தை வரைந்திருந்தால் தொல்லையில்லை. "பெரியவனானா இன்னாடா ஆவப்போறே?" என்று கேட்டு, அந்த உடுப்பில் வரைந்தார். போலீஸ், கலெக்டர், ராணுவம், விமானி என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். களம்பூரிலிருந்து பஸ்ஸில் வந்து படித்த ஒரு பையன், அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவரின் மகன், லாரி முதலாளி ஆவேன் என்றானாம். லாரிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பவனாக அவனை வரைந்தார். ஆண்டு விழாவில் படங்களை வராந்தாவில் வரிசையாக வைத்தபோது அதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தவர் எங்கள் அப்பா. என் அண்ணன் படத்தில் வெள்ளைக் கோட்டும் ஸ்டெதஸ்கோப்பும் இருந்தன. அதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

விழா முடிந்ததும் அவரவர் படத்தை அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றார் வாத்தியார். மற்ற பையன்கள் புண்ணியம் செய்தவர்கள். எங்கள் தெருக் கலெக்டர் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியானார். ஒரு போலீஸ்காரர் ஜன்னல் ஓட்டையை அடைத்துக்கொண்டு மழையில் ஊறிப்போனார். அந்தப் பையன்களில் ஒருவன் செல்போன் கடை வைத்திருக்கிறான், இன்னொருவன் விசைத்தறி ஓட்டுகிறான், இருவரும் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குகிறார்கள். எங்கள் அப்பாவோ படத்துக்குக் கண்ணாடி போட்டு, தங்க நிறச் சட்டம் அடித்து, மேலே ஒரு சின்ன விளக்கும் வைத்து, கூடத்தில் நட்ட நடுவில் மாட்டினார்.

அப்பா தறிக்காரர்களுக்குப் பட்டு நூல் கொடுத்து, புடவையாக வாங்கி விற்கிறவர். எங்கள் வீட்டுக் கூடம்தான் கடை. கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள் வெள்ளை விரிப்பின் மேல் உட்கார்ந்து தலையை நிமிர்த்தினால் அண்ணன்தான் தெரிவான். "பையன் டாக்டருங்களா?" என்று கேட்பார்கள். "ஆவப்போறாரு" என்பார் அப்பா. அந்த மரியாதை நேரில் அவனுக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. நேரில் அவன் எப்போதும் "டேய்"தான்.

அண்ணன் பிளஸ் டூ முடிப்பதற்குள்ளேயே வைத்தியம் தொடங்கிவிட்டது. கூலி வாங்க வந்த தறிக்காரர்கள் மணிக்கட்டு வலியைச் சொன்னார்கள். மாமா வரும்போதெல்லாம் தன் சர்க்கரை ரிப்போர்ட்டைக் கொண்டுவந்தார். "சும்மா பாருடா, எப்படியும் பாக்கப்போறவன்தானே?" பாதி நிஜம், பாதி கேலி. அண்ணன் ஓர் அசடு. ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு போய் செல்போனில் தேடித் தேடிப் படித்து, வந்து பதில் சொல்வான்.

முதல் தடவை நீட்டில் மார்க் வரவில்லை. வேலூரில் கோச்சிங் ஹாஸ்டலில் கொண்டுபோய்ப் போட்டார்கள். இரண்டாவது தடவையும் வரவில்லை. அதற்குப் பிறகு மாமா சிரிப்பை அடக்கிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தார். "டாக்டரே, மாத்திரைய சாப்பாட்டுக்கு முன்னாடி போடணுமா, பின்னாடி போடணுமா?" கூட வந்த அத்தை சிரித்தாள். வந்தவர்கள் முகம் கோணக்கூடாது என்று அம்மாவும் சிரித்துவைத்தாள். சொந்தக்காரர்களுக்கு நாய் எவ்வளவோ மேல். கடிக்கப்போவதை அது உறுமியாவது சொல்லிவிடும்.

அண்ணன் கூடத்துப் பக்கம் வருவதை நிறுத்தினான். பின்வாசல் வழியாக வந்து, நூல் வைக்கும் அறையில் படுத்துக்கொண்டான். கன்னம் ஒட்டிப்போய்த் தாடி வளர்ந்தது, மூக்குக் கண்ணாடி தடித்துக்கொண்டே போனது. சுவரில் இருந்தவன் மட்டும் பதினைந்து வயதில் கொழுகொழுவென்று அப்படியே இருந்தான். வீட்டில் எல்லோரும் அவனைத்தான் பார்த்தார்கள்.

படத்தைக் கழற்றிவிடச் சொல்லி அம்மாவிடம் கெஞ்சினேன். அண்ணனுக்கு நான் இரண்டு வயது இளையவள். ஆனால் அந்த வீட்டில் அவனுக்காக வாய் திறக்க வேறு ஆள் இல்லை.

"கழட்டினா ஏன் கழட்டினீங்கன்னு கேப்பாங்களேடி" என்றாள் அம்மா.

"கேட்டா சொல்லேன், பாஸ் ஆவலைன்னு."

"நீ சொல்லுவ. நாந்தானே இந்தத் தெருவுல நடக்கணும்?"

ஆத்திரத்தில் ஓவிய வாத்தியார் வீட்டுக்கே போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்து கிராப் தாளில் கட்டம் கட்டமாக ஒரு யானையை நிரப்பிக்கொண்டிருந்தார். "சார், எங்க அண்ணன் படத்துல அந்தக் கோட்ட அழிச்சிக் குடுங்க. ஏதோ சின்னப் பையன் ஆசைப்பட்டுச் சொன்னான், நீங்களும் வரைஞ்சிட்டீங்க. அவன் இப்ப மனுஷனாவே இல்ல" என்றேன்.

"அவன் எங்கம்மா சொன்னான்?" பென்சிலைக் கீழே வைத்தார். "கேட்டதுக்குத் தெரியல சார்னான். அத்தினி பேர்ல தெரியலைன்னு சொன்ன ஒரே பையன் அவந்தான். எனக்கு ரொம்பப் புடிச்சிது. யூனிஃபார்ம் சட்டையோடவே வரைஞ்சேன். மொத்த வரிசையில நல்லா வந்த முகம் அதுதான்."

"அப்புறம் கோட்டு?"

"உங்க அப்பா டிசைன் விஷயமா வந்தாரு. படத்தப் பாத்தாரு. டாக்டரா மாத்திடுங்க சார்னாரு. மாத்திட்டேன்."

"ஏன் சார் மாத்தினீங்க?"

"புடவைக்குப் பார்டர மாத்தச் சொன்னா மாத்தித்தானம்மா குடுக்கிறேன்? அவரு குடுக்கிற வேலையிலதான் எங்க வீட்டுல அடுப்பு எரியுது." பென்சிலைத் திரும்ப எடுத்துக்கொண்டு, "எடுத்துகினு வா, கோட்ட சுரண்டிடலாம். உள்ள சட்டை இருக்கும்" என்றார்.

அவர் மேல் எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தனக்குப் பிடித்த முகத்தை அப்பாவின் ஒரு வார்த்தைக்காக விட்டுக்கொடுத்த மனிதர் என்றுதான் தோன்றியது. இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

அன்று சாயங்காலமே ஸ்டூல் போட்டு ஏறினேன். அப்பா பார்த்துவிட்டார். காதைப் பிடித்துக் கீழே இறக்கினார். "இதுல கை வெச்சே, காலேஜ் கிடையாது உனக்கு" என்றார். சொன்னால் செய்கிறவர்தான். நான் அதற்குப் பிறகு படத்தைத் தொடவில்லை.

மூன்றாவது தடவை தேர்வு எழுதப்போனபோது அம்மா படத்துக்கே பூஜை போடத் தொடங்கினாள். வெள்ளிக்கிழமைதோறும் கண்ணாடியைத் துடைத்து, நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, சட்டத்தைச் சுற்றி மல்லிச்சரம் போடுவாள். அண்ணன் பிடி கொடுக்காததால் அவன் நெற்றிக்கு வைக்கவேண்டிய பொட்டு கண்ணாடிக்குப் போயிற்று. அந்தத் தடவையும் மார்க் வரவில்லை. அம்மா பூப்போடுவதை விடவில்லை.

"தண்டச்சோறு எத்தினி நாளு?" என்று அப்பா அவனை வியாபாரத்தில் இறக்கினார். புடவையைப் பிரித்துக் காட்டுவது, மடித்து வைப்பது, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது. அப்படித்தான் அண்ணன் மறுபடி கூடத்துக்கு வந்தான். சுவருக்கு முதுகைக் காட்டி உட்காரும் இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்வான்.

கல்லூரி விடுமுறையில் நான் வீட்டில் இருந்த சமயம். தெள்ளார் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள், கல்யாணப் பெண்ணையும் தன் தங்கையையும் அழைத்துக்கொண்டு முகூர்த்தப் புடவை எடுக்க வந்தாள். அப்பா சந்தவாசலுக்குத் தறி பார்க்கப் போயிருந்தார். நான் எடுத்துக் கொடுக்க, அண்ணன் விரித்துக் காட்டினான். அரக்கு நிறத்தில் ஒன்று பெண்ணுக்குப் பிடித்துவிட்டது. அப்போதுதான் அந்த அம்மாள் நிமிர்ந்து படத்தைப் பார்த்தாள். பொட்டு, பூ, மேலே எரியும் விளக்கு. எந்த வீட்டில் ஒரு மனிதர் படம் அப்படி இருந்தாலும் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். அவள் குரலைத் தாழ்த்தி, அண்ணனிடமே கேட்டாள்.

"யாருப்பா அது, முதலாளி பையனா?"

"ஆமாங்க."

"டாக்டரா?"

"டாக்டருக்குப் படிச்சிகினு இருந்தாருங்க."

"அடக் கடவுளே. எப்பப்பா?"

அண்ணன் திரும்பிப் படத்தைப் பார்க்கவில்லை. முந்தானையை நீவிவிட்டபடி, "மூணு வருஷம் ஆச்சிங்க" என்றான்.

கேலியாகச் சொல்லவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை. புடவை விலையைச் சொல்கிற குரலில் சொன்னான். வாயைத் திறக்கப் போனேன். வேண்டாம் என்பதுபோல் அவன் என்னைப் பார்த்தான். அம்மா காபித் தட்டோடு உள்வாசலில் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். இல்லைம்மா, இதோ உட்கார்ந்திருக்கிறானே இவன்தான் என் பிள்ளை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால், டாக்டர் ஏன் இங்கே புடவை மடிக்கிறார் என்பதற்கும் பதில் சொல்லவேண்டியிருக்கும். அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வந்தவர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

வாலிபப் பையன் செத்த வீட்டில் முகூர்த்தப் புடவை யார் எடுப்பார்கள்? அரக்குப் புடவையின் மேலிருந்த கையை அந்த அம்மாள் மெல்ல எடுத்துக்கொண்டாள். "நாங்க இன்னொரு நாளு வரோம்மா" என்று எழுந்தாள். காபியைத் தொடவில்லை.

சாயங்காலம் அப்பா வந்ததும் அம்மா நடந்ததைச் சொன்னாள். இதற்குப் பிறகாவது படம் கீழே இறங்கிவிடும் என்று நினைத்தேன். அண்ணன் ஒரே வார்த்தையில் ஜெயித்துவிட்டான் என்றே நினைத்து, உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். அப்பா அவனைத் திட்டவில்லை, அடிக்கவும் இல்லை. காலையில் வழி கேட்டு அவர்கள் கூப்பிட்ட எண் செல்போனில் இருந்தது. அதை அழுத்தினார்.

"அம்மா, ஆரணி புடவைக்காரரு பேசறேன்ங்க. இன்னாங்க, காபி கூடச் சாப்புடாம போயிட்டீங்களாமே? ஐயோ, அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. என் பையன் கல்லு மாதிரி கீறான். வெளியூர்ல டாக்டருக்குப் படிச்சிகினு கீறான். பரிச்ச நல்லா எழுதணும்னு வீட்டுல பூ போட்டு வேண்டிகினு கீறாங்க. உங்ககிட்ட சொன்னது கடைப் பையன்ங்க. வாய்க்கொழுப்பு புடிச்சவன், புதுசா சேந்திருக்கான். நீங்க ஜல்தியா வாங்க, அந்தப் புடவைய யாருக்கும் காட்டாம வெச்சிருக்கேன்."

இதையெல்லாம் எதிரில் நின்ற அண்ணனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அம்மா நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள்.

"பெத்த புள்ளைய கடைப் பையன்றியே, வாய் கூசலையாப்பா?" என்று கத்தினேன்.

"அவன் செத்துட்டேன்னு சொல்லிகினான். நான் வேலையாவது போட்டுக் குடுத்தேன்" என்றார்.

அவர்கள் மறுபடி வந்த அன்று நான் உண்மையைப் போட்டு உடைத்துவிடுவேன் என்று அம்மாவுக்குத் தெரியும். என்னைச் சமையலறையில் காபி போடச் சொல்லிவிட்டு, கதவருகே காவல் நின்றாள். கூடத்துப் பேச்செல்லாம் காதில் விழுந்தது. "டேய் தம்பி, அந்த அரக்க எடு" என்றார் அப்பா. புடவை விரியும் சத்தம். பிறகு அந்த அம்மாளின் குரல்.

"ஏம்பா, நல்லாக் கீற புள்ளைய செத்துட்டான்னு சொல்லலாமா? உனக்குச் சோறு போடற வீடு இல்ல இது?"

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அணைக்கச் சொல்லி அம்மா கையைக் காட்டினாள். நான் அணைக்கவில்லை.

"தப்புதாங்கம்மா" என்றான் அண்ணன்.

"பெத்த தாயி மனசு இன்னா பாடு பட்டிருக்கும்?"

"மன்னிச்சிடுங்கம்மா."

அவர்கள் அரக்குப் புடவையோடு இன்னும் இரண்டு எடுத்துக்கொண்டார்கள். அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு போய்க் காரில் வைத்தான். டீ குடிக்கச் சொல்லி அந்த அம்மாள் நீட்டிய நோட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, செருப்பை வெளியிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்து, விரித்துக் கிடந்த மற்றப் புடவைகளை மடிக்க உட்கார்ந்தான்.