முறுக்கும் முன்பல்லும்

என் கணவர் சாக்ஸபோன் வாசிப்பவர். எழுபதுகளில் கோலாலம்பூர் ஹோட்டல்களில் ஜாஸ் வாசித்த தமிழர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒரு விரல் இவர். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் அக்கம்பக்கத்துக்கோ அவர் வெறும் நாயனக்காரர். கிள்ளானிலிருந்து ஒருவர் வந்து, மகள் கல்யாணத்துக்கு ஊத வேண்டும் என்று வெற்றிலை பாக்கே வைத்துவிட்டுப் போனார். இவரும் சிரித்துக்கொண்டே போய், கெட்டிமேளத்தோடு சேர்ந்து ஊதிவிட்டு வந்தார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. எந்த இசையையும் கீழாக நினைக்கத் தெரியாத மனிதர் அவர்.

அப்பேர்ப்பட்டவர் பிழைப்பில் மண்ணள்ளிப் போட்டவள் நான்.

எண்பதுகளில் ஒரு தீபாவளி. நாலு நாள் முன்பு, அவர் ஹாலில் வாசித்துக்கொண்டிருக்க, நான் அடுப்படியில் முறுக்குக்கு மாவு பிசைந்தேன். காது அங்கே, கை இங்கே. பட்டர் போடவே மறந்துபோனேன். முறுக்கு கல்லாக வந்தது. தீபாவளியன்று வீட்டுக்கு வந்தவர்கள் ஒரு கடி கடித்துப் பார்த்து, நாசூக்காகத் தட்டோரம் வைத்தார்கள். என் முகம் சுருங்கியதை இவர் கவனித்திருக்க வேண்டும்.

"நல்லாத்தானே இருக்கு," என்று ஒன்றை எடுத்து நறுக்கென்று கடித்தார். மேல்வரிசை முன்பல் உடைந்து உள்ளங்கையில் விழுந்தது.

சாக்ஸபோனின் வாய்முனை மேல் முன்பல்லில்தான் ஊன்றி நிற்கும். டாக்டர் மிச்சப் பல்லைப் பிடுங்கிப் பொய்ப்பல் கட்டினார். ஊதினால் அது ஆடியது, சுருதி எங்கோ போனது. பல்லு போனா சொல்லு போச்சு என்பார்கள். இவருக்கு வாழ்க்கையே போய்விடும்போல் இருந்தது. குழுவின் பியானோக்காரர், ஒரு சீனர், வந்து விசாரித்தபோது, பாத்ரூமில் வழுக்கிவிட்டதாகச் சொன்னார். முறுக்கைப் பற்றி மூச்சு விடவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

பல்லை நம்ப முடியாது என்றானதும், கீழுதட்டைப்போல மேலுதட்டையும் உள்ளே மடித்து, உதட்டாலேயே பிடித்து ஊதப் பழகினார். இருபது வருஷம் வாசித்தவர் அரிச்சுவடியிலிருந்து தொடங்கினார். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே ஸ்வரத்தை நீட்டி நீட்டி ஊதுவார். "கன்னுக்குட்டி கத்துற மாதிரி இருக்குல்ல?" என்று அவரே சிரிப்பார். உதடு புண்ணாகி, கஞ்சியைத்தான் குடித்தார். நானாக இருந்தால் அந்தக் குழலைத் தூக்கி எறிந்திருப்பேன்.

மூன்று மாதம் கழித்து, ஹோட்டலில் ஒரே ஒரு மாலை வாசித்துக் காட்டச் சொன்னார்கள். சரியாக வராவிட்டால் வேறு ஆள். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முதல் ஸ்வரம் வந்தது. பழைய கூர்மை இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து யாரோ ஆறுதல் சொல்வதுபோல் இதமாக இருந்தது. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

முடிந்ததும் பியானோக்காரர் மைக்கைப் பிடித்து, இந்தப் புது நாதம் எங்கே கிடைத்தது என்று கேட்டார்.

இவர் என்னைக் கைகாட்டி, தமிழிலேயே சொன்னார்: "எல்லாம் என் வீட்டுக்காரி கைப்பக்குவம்."

புரிந்த நாலைந்து பேர், நன்றாகச் சமைத்துப் போடுகிறாள் என்று நினைத்துக் கைதட்டினார்கள். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

அடுத்த தீபாவளிக்கு நான் மாவு பிசைய உட்கார்ந்ததும் அடுப்படியில் எட்டிப் பார்த்தார். "பட்டர் போட்டாச்சா?" என்று கேட்டு, நான் தலையாட்டிய பிறகுதான் சாக்ஸபோனைக் கையில் எடுத்தார்.