இருட்டறையில் ஆடிய நூல்

நடவுக்காரப் பெண்ணின் கெண்டைக்காலைத் தொட்டேன், அவ்வளவுதான். "அமுக்காதீங்க டாக்டரம்மா, உசிரு போவுது!" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி அலறினாள். கண் சிவந்திருந்தது. பாதமெல்லாம் சேற்றுப்புண். கேஸ் அட்டையில் வழக்கம்போல டைபாய்டு என்று எழுதியிருந்தது. எனக்கு அந்த நொடியில் பட்டது: இது எலிக்காய்ச்சல். எலி மூத்திரம் கலந்த வயல் தண்ணீரிலிருந்து புண் வழியாக ஏறும் கிருமி.

தஞ்சாவூர்ப் பக்கம் பாதி ஊர் சிங்கப்பூர் போய்விட்டது. மிச்சப் பாதிக்கு டைபாய்டு. என்னோடு நுண்ணுயிரியல் மேற்படிப்புப் படிப்பவர்கள் அமெரிக்கப் பரீட்சைக்காக அந்த ஊர் உண்ணிக் காய்ச்சலைத் தலைகீழாக ஒப்பிப்பார்கள். நம்ம ஊர் எலி என்றால் மூக்கைப் பொத்துவார்கள்.

ஆய்வுத் தலைப்பாக இதைக் கேட்டேன். "எல்லாரும் சீழ் எடுத்து அதுல கிருமி வளக்குறாங்க, பாஸாகுறாங்க. உனக்கு மட்டும் எலி கேக்குதாம்மா?" என்றார் பேராசிரியர். "ஆதாரம் கொண்டா. இல்லேன்னா சீழ்தான்."

இருட்டுப் பின்னணியில் கிருமி மின்னுவதைக் காட்டும் நுண்ணோக்கி ஒன்று எங்கள் துறையில் உண்டு. இன்ஸ்பெக்‌ஷனுக்கு உறை கழற்றுவார்கள், ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பார்கள். அதில் யாரும் எதையும் பார்த்ததில்லை. சந்தனத்தைச் சுரண்டிவிட்டு அவள் ரத்தத்தை வைத்தேன். வெள்ளி நூல்கள் ஆடின! எலிக்காய்ச்சல் கிருமி அப்படித்தான் இருக்கும். ஓடிப்போய்ப் பேராசிரியரைக் கூட்டிவந்தேன். அவரும் பார்த்தார், காபி சொல்லி அனுப்பினார், "நம்ம கண்டுபிடிப்பு" என்றார்.

லேப் டெக்னீஷியன் மட்டும், "உங்க ரத்தத்தையும் ஒரு சொட்டு வெச்சுப் பாருங்களேன் மேடம்" என்றார். வைத்தேன். அதே ஆட்டம். கிருமியே இல்லை, ரத்தம் உறையும்போது பிரியும் இழைகள்.

"எனக்கு அப்பவே சந்தேகம்" என்றார் பேராசிரியர், என் காபியையும் குடித்துக்கொண்டே. "திங்கக்கிழமை வரைக்கும் டைம்."

வார்டு டாக்டரை நச்சரித்துப் பென்சிலின் போட வைத்ததில் அவளுக்குக் காய்ச்சல் விட்டது. அட்டையில் டைபாய்டு அப்படியே இருக்கிறது. முதல் ரத்தம் ஃப்ரீசரில் இருக்கிறது. இரண்டு வாரம் கழித்து எடுக்கும் ரத்தத்தில் எலிக்காய்ச்சலுக்கான எதிர்ப்புச் சக்தி ஏறியிருந்தால் அதுதான் ஆதாரம். "நடவு கெடக்கு, இங்கல்லாம் வர முடியாது" என்றாள் போகும்போது. "வயலுக்கு வாங்க. வரப்புல நின்னு கூப்புடாதீங்க, எறங்கி வாங்க."

சனிக்கிழமையோடு இரண்டு வாரம். அவள் ஊர்ப் பக்கம் சீர்காழிக்கு முதல் பஸ், ஐஸ் டப்பா, ஊசி. முழங்கால்வரை ரப்பர் பூட்ஸும் வாங்கிவிட்டேன். எனக்கு மட்டும். அவள் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டே பூட்ஸோடு இறங்க முடியுமா என்று தெரியவில்லை. இறங்கித்தான் ஆக வேண்டும்.