மேனேஜருக்கு ஒரு நாளைக்கு ஒன்று

அவளுக்கு ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் வேலை. விடியும் முன் கிளம்பினால் பிற்பகலில்தான் வீடு திரும்புவாள். அந்த நேரத்துக்குப் பேருந்து ஓட்டுநரான அவள் கணவர் காக்கிச் சட்டையின் பித்தானைப் போட்டபடி வாசலில் நிற்பார். சாவி கை மாறும்; அவர் ஓடுவார். இவள் பாத்திரம் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுப் போனால், அவர் துணி மடித்து வைத்துவிட்டுப் போவார். ஒருவர் தலையில் இன்னொருவர் வேலையைக் கட்டக் கூடாது. பேசி முடிவெடுத்ததில்லை, கல்யாணமான நாளிலிருந்து அப்படியே நடக்கிறது.

நாய்க்கு மேனேஜர் என்று பெயர் வைத்தவர் அவர்தான். ஒரு வேலையும் செய்யாமல் எல்லோரையும் மேற்பார்வை பார்க்குமாம். அதற்கும் வயதாகிவிட்டது. உடம்பு போட்டு, இடுப்பு மூட்டு தேய்ந்து, எழுந்திருக்கும்போதெல்லாம் முனகியது. ஒரு விடுமுறையில் அவள் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப் போனாள். டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, வலிக்கும் வீக்கத்துக்கும் ஒரு டப்பா மாத்திரை கொடுத்தார்.

"ஒரு நாளைக்கு ஒண்ணு, சாப்பாட்டுக்கு அப்புறம். மனுஷங்க போடற வலி மாத்திரை எதையும் கொடுத்துடாதீங்க. வாந்தி எடுத்தாலோ, சாப்பிடலேன்னாலோ, கறுப்பா வெளிக்குப் போனாலோ மாத்திரைய நிறுத்திட்டு உடனே எனக்கு போன் பண்ணுங்க."

இதை அவள் போனில் கணவருக்கு அப்படியே ஒப்பித்தாள். அவருக்கும் தெரிந்திருக்கட்டும் என்றுதான் சொன்னாள். அவரோ தனக்குக் கொடுத்த வேலை என்று எடுத்துக்கொண்டார்.

காலையில் அவள் கொடுத்தாள். மதியம் அவர் கொடுத்தார். மாத்திரைக்கு இறைச்சி வாசனை வேறு. மேனேஜர் இரண்டு வேளையும், இப்படி ஒன்றை வாழ்நாளில் கண்டதே இல்லை என்ற முகத்தோடு வந்து நின்றது. டப்பா குறைவதை யாரும் கவனிக்கவில்லை.

"மாடிப்படி ஏறிட்டான், பாரேன்," என்று ஒருநாள் வாசலில் சொல்லிவிட்டு அவர் ஓடினார். அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த வாரம் ஒருநாள், பேருந்துப் பரிசோதனை என்று அவர் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு முன்னதாகவே பணிமனைக்குப் போயிருந்தார். அவள் கதவைத் திறந்தபோது மேனேஜர் எழுந்து வரவில்லை. தட்டில் சாப்பாடு வைத்தபடி இருந்தது. பக்கத்தில் வாந்தி. கொல்லையில் தார் போலக் கறுப்பாகப் போயிருந்தது. அவள் உடனே டாக்டரம்மாவுக்கு போன் செய்தாள், ஆட்டோ பிடித்தாள்.

"மாத்திரை எத்தனை கொடுத்தீங்க?"

"ஒண்ணுதான் டாக்டர். காலைல, சாப்பிட்டதும்."

"வீட்ல வேற யாராவது கொடுத்தாங்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டு கணவரைக் கூப்பிட்டாள். அவருடைய பேருந்து இன்னும் பணிமனையில்தான் நின்றது.

"என்னங்க, மேனேஜருக்கு மாத்திரை ஏதாவது கொடுத்தீங்களா?"

"தினமும் கொடுக்கறேனே. களைச்சுப் போய் வருவ, உனக்கு எதுக்கு அந்த வேலைன்னு."

டாக்டரம்மா காதிலும் அது விழுந்தது. "அப்ப இத்தனை நாளும் ரெட்டிப்பா போயிருக்கு," என்றார். வயிற்றில் புண்ணாகியிருந்தது; சிறுநீரகமும் திணறுவதாக ரத்தப் பரிசோதனை சொன்னது. "இங்கயே இருக்கட்டும், டிரிப்ஸ் போடணும். இப்ப எதுவும் உறுதியா சொல்ல முடியாது. ஆனா தள்ளிப் போடாம வந்துட்டீங்க."

பெஞ்சில் உட்கார்ந்தவளுக்குக் கணவர்மேல் கோபப்பட வேண்டும் போலிருந்தது. எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. காலையில் கொடுத்ததை அவளும்தான் சொல்லவில்லை. செய்த வேலையைச் சொல்லிக் காட்டுவது அற்பம் என்று நினைத்திருந்தாள். கேட்காமலே செய்வதுதான் பாசம் என்று இத்தனை வருஷம் உள்ளூரப் பெருமைப்பட்டிருந்தாள். அது பாசமா, பேச நேரமில்லாததற்கு வைத்துக்கொண்ட நல்ல பெயரா?

வண்டியை வேறொருவர் கையில் ஒப்படைத்துவிட்டு அவர் காக்கிச் சட்டையோடு வந்து நின்றார்.

"நானே கொன்னுட்டேனா?"

"வாயக் கழுவுங்க. அவன் உள்ள மூச்சு விட்டுட்டுதான் இருக்கான். நீங்க மட்டும் இல்ல, ரெண்டு பேரும் சேர்ந்துதான் பண்ணியிருக்கோம்." கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். "இனிமே மாத்திரை என் பொறுப்பு. டப்பாவ நீங்க தொடக் கூடாது."

"சரி. எனக்கு?"

"தெரியல. யோசிப்போம்."

மேனேஜர் மூன்றாம் நாள் தண்ணீர் குடித்தது. மறுநாள் தட்டை நக்கிவிட்டு, இன்னும் வருமா என்று நிமிர்ந்து பார்த்தது. ரத்தப் பரிசோதனையும் நல்ல பக்கம் திரும்பியிருந்தது.

"வயிறு ஆறட்டும். அதுவரைக்கும் இந்த மாத்திரை வேண்டாம்," என்றார் டாக்டரம்மா. "அப்புறம் மறுபடி ரத்தம் பார்த்துட்டு, எது ஒத்துக்குதோ அத, எவ்வளவு குறைவா முடியுமோ அவ்வளவு கொடுக்கலாம். அது நான் சொன்னப்புறம்தான். முதல்ல எடை குறையணும். தினமும் கொஞ்ச தூரம் மெதுவா நடக்க விடுங்க."

"நடை என் பொறுப்பு," என்றார் கணவர்.

"ரொம்ப நல்லது சார். உங்களுக்கும் வயிறு குறையும்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

ஆட்டோவில் மேனேஜர் இருவர் மடியிலும் பாதிப் பாதியாகக் கிடந்தது. தெருமுனை திரும்பும்போது அவள் கேட்டாள்: "நீங்க சாப்பிட்டீங்களா?"

"இல்ல. நீ?"

"இல்ல. வீட்ல என்ன இருக்கு?"

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன்," என்றார் அவர்.