இரண்டாவது மூன்று நிமிடம்

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரைக்கு, சாத்தம் ஜெட்டியில் என் மனைவியை முதுகு காட்டி நிற்க வைத்துப் படம் எடுப்பது எங்களுக்கு மூன்று வருடப் பழக்கம். லென்ஸின் முன்னால் கறுப்புக் கண்ணாடி ஃபில்டர் மாட்டி, ஷட்டரை மூன்று நிமிடம் திறந்து வைத்தால் கடல் பால்போல வழுவழுப்பாகிவிடும். பாம்பூஃபிளாட் போகும் படகும், அதில் ஏறி இறங்கும் கூட்டமும் கரைந்து காணாமல் போய்விடும். அசையாமல் நிற்கிற ஒருத்தி மட்டும் படத்தில் மிஞ்சுவாள். அந்த ஒருத்திக்கு என்னிடம் வேறு ஆள் கிடையாது.

அவள் பஜாரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். காலையில் புரோத்ராபூரில் பஸ் ஏறினால், இருட்டி வீடு திரும்பும்வரை நின்றபடியே வேலை. கணுக்காலுக்கு மேலே நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருக்கிறது. ஒரே இடத்தில் ரொம்ப நேரம் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நானோ ஆபீஸில் உட்கார்ந்து உட்கார்ந்தே களைத்துப் போகிறவன். வாரத்தில் நாங்கள் சேர்ந்து வெளியே போவது இந்த ஒரு மாலைதான். அதை விட மனமில்லாமல், கால் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே அவள் வருவாள். கேட்டுக்கொண்டே நான் ட்ரைபாடைச் சுமந்து நடப்பேன்.

என் காமெரா பழையது, செகண்ட் ஹேண்டாக வாங்கியது. எங்கள் தீவுப் புழுக்கத்தில் மூன்று நிமிடம் திறந்து வைத்தால் படம் முழுக்கச் சிவப்பும் வெள்ளையுமாகப் புள்ளி விழும். அதற்கு மருந்து காமெராவுக்குள்ளேயே இருக்கிறது, நாய்ஸ் ரிடக்‌ஷன் என்று பெயர். அதை ஆன் செய்துவிட்டால், படம் எடுத்து முடித்ததும் காமெரா ஷட்டரை மூடிக்கொண்டு, இன்னொரு மூன்று நிமிடம் வெறும் இருட்டைப் படம் எடுக்கும். அந்த இருட்டில் விழுந்த புள்ளிகளை முதல் படத்திலிருந்து கழித்துவிட்டுத்தான் திரையில் காட்டும். அதுவரை எந்தப் பட்டனை அழுத்தினாலும் மசியாது.

நான் ‘ஹோகயா’ சொல்லும்வரை அசையாதே என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். முடிந்தது என்பதற்கு இந்தத் தீவில் எல்லார் வாயிலும் வருவது அந்த இந்திச் சொல்தான். ஷட்டர் மூடியதும் அதைச் சொல்லியிருக்க வேண்டும். திரையில் படம் வந்த பிறகுதான் சொன்னேன். படம் சரியில்லையென்றால் மறுபடி அவளை அதே இடத்தில் அதேபோல நிறுத்துவது பெரும்பாடு, மூன்று நிமிடம்தானே, நிற்கட்டும் என்று முதல் நாள் நினைத்தேன். அப்புறம் நினைக்கவேயில்லை. மறதி என்று சொல்லிக்கொள்ளலாம். சோம்பேறித்தனம் என்பதுதான் சரி. கடலைப் பார்த்து நிற்கிறவளுக்கு, படகு இன்ஜின் சத்தத்தில் ஷட்டர் மூடுவது எங்கே கேட்கப் போகிறது?

போன மாதம் ஜெட்டியில் டிக்கெட் கொடுக்கும் வங்காளி பக்கத்தில் வந்து நின்றார். காமெரா என்ன செய்துகொண்டிருக்கிறது என்று இந்தியில் கேட்டார். என்னிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை, அதனால் உற்சாகம் வந்துவிட்டது. போட்டோ எப்போதோ எடுத்தாயிற்று, இப்போது எடுப்பது வெறும் இருட்டு, எதிரே யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று கொஞ்சம் உரக்கவே விளக்கினேன்.

பத்தடி தள்ளி நின்றவள் திரும்பினாள்.

“அப்போ போட்டோ ஹோகயாவா?”

ஆமாம் என்றேன்.

“அப்புறம் நான் எதுக்கு நிக்கிறேன்?”

டிக்கெட்காரருக்குத் திடீரென்று கவுண்டரில் வேலை வந்துவிட்டது. அவள் மெல்ல நடந்து என்னிடம் வந்தாள். ஒவ்வொரு தடவையும் இப்படித்தானா என்று கேட்டாள். ஒரு மாலைக்கு நாலு படம், மூன்று வருடம். தலையை மட்டும் ஆட்டினேன்.

“கண்ணுல தூசி விழுந்தாக்கூட துடைக்காம நின்னேன். அந்த நேரத்துல நீங்க என்ன செஞ்சீங்க?”

நான் படகின் கயிற்றைக் கட்டுகிற இரும்புக் குத்தியில் உட்கார்ந்திருந்தேன். கையில் டீ கப் இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவ்வளவு வெட்கமாக இருந்தது.

அந்த வாரம் முழுக்கத் தேவையானதை மட்டும் பேசினாள். அடுத்த ஞாயிறு, நாய்ஸ் ரிடக்‌ஷனை ஆஃப் செய்துவிட்டேன் என்று போய்ச் சொன்னேன். புள்ளிகளை வீட்டில் கம்ப்யூட்டரில் நானே ஒவ்வொன்றாக அழித்துக்கொள்கிறேன், இனி மூன்றே நிமிடம்தான், கிளம்பு என்றேன். கட்டிலில் தலையணை மேல் காலைத் தூக்கி வைத்துப் படுத்திருந்தாள்.

“கால் வலிக்குதுன்னு நான் சொன்னப்பவும் அதை ஆஃப் பண்ண முடிஞ்சிருக்கும்ல?”

முடிந்திருக்கும் என்றேன்.

“சரி, நீங்க போயிட்டு வாங்க.”

கோபமாகச் சொல்லியிருந்தால் கெஞ்சியாவது கூட்டிக்கொண்டு போயிருப்பேன். அவள் களைப்பாகத்தான் சொன்னாள்.