நர்ஸம்மாவின் வண்டிக்கு ஹெட் ராவினோம்

சிலிண்டர் ஹெட்டை ராவுகிற தொழிலில் இரும்பைக் கழிக்கத்தான் முடியும், கூட்ட முடியாது. வீட்டு முற்றத்தில் அரமும் கையுமாக உட்கார்ந்த என் சக பாவிகளுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எஞ்சினின் தலைப்பாகம்தான் ஹெட். காற்றும் பெட்ரோலும் அதற்குள் ஒரு வளைந்த வழியாகப் போகும். வழியில் வார்ப்புப் பிசிறு இருந்தால் எஞ்சின் மூச்சு வாங்கும். அதை ராவி எடுப்பதுதான் எங்கள் வேலை. ராமநாதபுரத்தில் காதர் வீட்டுக் கொல்லைதான் பட்டறை. நானும் அவனும் ஒரே வயசு. கை மட்டும் ஒன்றில்லை.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். பிரசவம் பார்க்கிற நர்ஸம்மாவிடம், பட்டாளத்தில் கழித்துக்கட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்று, பக்கவாட்டில் ஆள் உட்காரும் தொட்டிலோடு இருந்தது. வீட்டுக்காரர் ஓட்டுவார், அம்மா பெட்டியோடு தொட்டிலில் உட்காருவார். மணலில் ஏறினால் வண்டி திணறும். சிக்கல் என்கிற ஊருக்கு அந்தப்பக்கம் ஒரு தலைச்சன் பிள்ளைக்காரிக்கு நாள் நெருங்கியிருந்தது. போன தடவை அதே ஊரில் வேறொருத்திக்கு அம்மா பிந்திப் போய், பிள்ளை தங்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் ஹெட் வேண்டும். ஓட்டை போட்டுவிட்டால் மாற்று ஹெட் மெட்ராஸிலிருந்துதான் வரணும்.

அரம்

கடைத்தெருவில் இருப்பதிலேயே பெரிய உருண்டை அரமாகப் பார்த்து வாங்கி வந்தேன். நேர் அரம் வளைவுக்குள் எப்படிப் போகும்? வாசலிலேயே இடித்துக்கொண்டு நின்றது. காதர் தேய்ந்த சின்ன அரம் ஒன்றைக் கரி அடுப்பில் பழுக்கவைத்து, கொக்கு மூக்கு மாதிரி வளைத்து, மறுபடி பழுக்கவைத்துத் தண்ணீரில் முக்கினான். அது சரசரவென்று வளைவுக்குள் நுழைந்தது. பார்த்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு நகைப் பத்தர் சொன்னார்: "நான் ராவுனா தூளுக்கும் விலை உண்டு. நீங்க ரெண்டு பேரும் என்னத்தைலே அள்ளப்போறீங்க?"

மட்டை

உப்புத்தாளைச் சுற்ற நான் தேக்குக் குச்சி சீவினேன். இரண்டு சுற்றில் முறிந்தது. காதர் பனைமட்டையைக் கீறி, நுனிப் பிளவில் தாளைச் செருகி, கை டிரில்லில் மாட்டிச் சுற்றினான். மட்டை வளைந்து கொடுத்தது, முறியவில்லை. வேலை எந்தமட்டும் என்று பார்க்க வந்த நர்ஸம்மா குனிந்து பார்த்துவிட்டு, "பச்சப்பிள்ளைக்குத் தொண்டையில சளி எடுக்குற மாதிரியில்ல எடுக்குறிய!" என்றார்.

விரல்

முடிந்தது என்றுதான் இருந்தோம். காதருக்கு மட்டும் சந்தேகம். "உள்ள ஏதோ இடிக்குது. எனக்குத் தட்டுப்படலை," என்றான். எனக்கும் தட்டுப்படவில்லை. அரம் பிடித்துக் காய்த்த விரல்களுக்கு என்ன தெரியும்? சட்டென்று ஹெட்டை நர்ஸம்மா பக்கம் நீட்டினான். "நீங்க பாருங்கம்மா."

அம்மா வளையலை மேலே ஏற்றிவிட்டு விரலை உள்ளே விட்டார். கண்ணை மூடிக்கொண்டார். எத்தனை தாய்மாரை அந்த விரல் கரை சேர்த்திருக்கும்! மெல்லத் திருப்பினார், நிறுத்தினார். காதர் அங்கேயே சாக்கட்டியால் குறித்துக்கொண்டான். ஒரு அளவுகோலும் சொல்லாததை அவர் சொன்னார்: "இடப்பக்கம் ஒரு மேடு, நெல்லுமணி அளவு. வலப்பக்கம் தொடாத, அங்கன தோல் ரொம்ப மெல்லிசு."

புளி

வியாழக்கிழமை காதர் அந்த மேட்டை ராவி எடுத்துவிட்டுத் தொழுகைக்குப் போயிருந்தான். ஹெட் இன்னும் பளபளக்கட்டுமே என்று குத்துவிளக்குத் துலக்குவதுபோல் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். வார்ப்பிரும்பு பித்தளையா? திரும்பிவந்த காதர் பார்க்கும்போது உப்புக்காற்றில் செந்துரு பூத்திருந்தது. வால்வு உட்காரும் இடத்திலும் துரு. வெள்ளிக்கிழமை விடிந்ததும் வால்வில் அரைப்புப் பசை தடவி மறுபடி அரைக்க உட்கார்ந்தோம். மாட்ட வேண்டிய பொழுது அரைப்பதில் போனது. அதைவிடப் பெரிய பாடம், பெட்ரோல் போகும் வழி பளபளக்கவே கூடாதாம். கொஞ்சம் சொரசொரப்பு இருந்தால்தான் பெட்ரோல் துளியாகத் திரளாமல் காற்றோடு கலக்கும். காதர் கோபிக்கவில்லை. அரைத்துக்கொண்டே சொன்னான்: "ஏலே, ஹெட்டைக் குடுத்தா குழம்பு வச்சிருக்க."

மணல்

கடைசி நட்டை முறுக்கும்போதே சிக்கலிலிருந்து சைக்கிளில் ஆள் வந்துவிட்டது, காலையிலேயே வலி கண்டுவிட்டதென்று. "வாரேன்னு சொல்லு," என்று அம்மா பெட்டியோடு ஏறினார். இரண்டாவது உதையில் வண்டி கிளம்பியது. தெருக்கோடி மணல்மேட்டில் எப்போதும் இறங்கித் தள்ளுவோம். தள்ளுவதற்கென்றே பின்னால் ஓடினோம். எங்கள் முகத்தில் மண்ணை வாரி இறைத்துவிட்டு அது பாட்டுக்கு ஏறிப் போய்விட்டது.

மறுநாள் மத்தியானம் திரும்பி வந்தார்கள். நான்தான் கேட்டேன், வண்டி எப்படிம்மா என்று. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நர்ஸம்மா சொன்னார்: "வண்டியை யாரு பார்த்தா? நான் கை கழுவி முடிக்கிறமட்டும் பிள்ளை பொறுத்திருந்துச்சு. பொட்டப்பிள்ளை, நல்லாக் கத்துது."

வண்டி ஓடினால் பெட்ரோல் நல்ல பெட்ரோல், நின்றால் மட்டும் ஹெட்டைத் தொட்டவன் எவன் என்று கேட்கிற தொழில் ஐயா இது.