கலெக்டருக்குப் பக்கத்து நாற்காலி

மடியில் விளமீன் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா?

நான் போனேன். போன திங்கட்கிழமை. பெருமாள் கோயில் மாடவீதியில் பிறந்து, வெங்காயத்தைக்கூட யோசித்து யோசித்துச் சாப்பிடும் வீட்டில் வளர்ந்தவள் நான். ஓலைப்பெட்டியிலிருந்து மீன் வால் எட்டிப் பார்க்கிறது. பக்கத்து சீட் அம்மாள், "மீனு நல்லா இருக்கே, எங்கன வாங்குனீய?" என்று கேட்கிறார். வாங்கவில்லை அம்மா, இது கலெக்டருக்கு வந்த மீன் என்று எப்படிச் சொல்வது?

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கல்லூரியில் கடைசி வருஷப் பெண்களுக்கு, அரசாங்க வேலைக்குப் போக என்ன வழி என்று ஒரு கூட்டம் போட்டோம். பொருளாதாரம் நடத்துகிறவள் என்பதால் பொறுப்பு என் தலையில். கலெக்டரைப் பேசக் கூப்பிட்டோம். வந்தார். "பேசறதுக்கு என்ன இருக்கு? திங்கட்கிழமை மனு வாங்கற நேரத்துல வந்து உக்காந்து பாருங்க. அப்புறம் இந்த வேலை வேணுமா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அன்றிலிருந்து என் பெண்களுக்குக் கால் தரையில் இல்லை. எனக்கு மட்டும் என்னவாம்! நானும் கனவு காண்கிற ரகம்தான். வகுப்பில் பட்ஜெட் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே பார்வை துறைமுகத்துப் பக்கம் போய்விடும். தூரத்தில் ஒரு கப்பல்... நகர்கிற மாதிரியும் இருக்கும், நகராத மாதிரியும் இருக்கும். பிள்ளைகள் இருமி இருமி என்னைத் திரும்ப அழைத்து வருவார்கள்.

சரி, அரசாங்க வேலை என்றால் நம் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? ஜீப் தெரியும். டவாலி போட்ட சேவகர் தெரியும். கையெழுத்துப் போடுகிற பேனா தெரியும். அந்தக் கையெழுத்துக்கு முன்னால், எங்கோ ஒரு அறையில், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து ஒருவர் யோசித்திருப்பாரே... உப்பளத்துக்கு ரோடு எந்தப் பக்கம் போடலாம், எந்த ஊருக்குப் பள்ளிக்கூடம் கொடுக்கலாம் என்று? அவரைப் பற்றி யாரும் கனவு காண்பதில்லை.

ஜெனோவாவைத் தவிர.

வேம்பார்ப் பெண். ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். அப்பா சூசை, வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். என்னவாகப் போகிறீர்கள் என்று வகுப்பில் கேட்டேன். மற்றவர்கள் கலெக்டர், தாசில்தார் என்றார்கள். இவள் மட்டும், "மிஸ், எந்த வலை போடலாம், எந்த மாசம் கடலுக்குப் போகக் கூடாதுன்னு சட்டம் எழுதுதாங்கல்லா, அவங்க எங்கன இருப்பாங்க? எனக்கு அங்கன போணும்" என்றாள். எனக்குப் புல்லரித்துவிட்டது.

ஆனால் வீட்டில் வேறு திட்டம். ஆலந்தலையிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். படிப்பு முடிவதற்குள் சர்க்கார் வேலை கிடைத்தால் கல்யாணத்தைத் தள்ளி வைக்கலாம், இல்லையென்றால் முடித்துவிட வேண்டியதுதான். இது சூசையின் தீர்ப்பு. படிப்பை முடித்தால்தான் வேலைக்கான பரீட்சையே எழுத முடியும் என்று ஜெனோவா தொண்டை வற்றச் சொல்லிப் பார்த்தாள். எடுபடவில்லை.

திங்கட்கிழமை வந்தது. கலெக்டர் ஆபீஸ் ஹாலில் நல்ல கூட்டம். எங்களுக்கு ஓரமாக ஒரு பெஞ்சு. கலெக்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மனுவுக்கு சீல் போட்டுக்கொண்டிருந்த அதிகாரிக்கு மெட்ராஸிலிருந்து போன் வந்து, அவர் எழுந்து போனார். கலெக்டர் எங்கள் பக்கம் திரும்பி, "யாராவது ஒருத்தர் வந்து சீல் போடுங்கம்மா" என்றார். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதற்குள் ஜெனோவா போய் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தப் பெரிய நாற்காலியில் அவளைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஹாலே மறந்து போயிற்று. வருஷங்கள் கடந்து, கோட்டையில் ஒரு அறை, வாசலில் அவள் பெயர், உள்ளே கடலைப் பற்றிய ஃபைல்... மிதந்துகொண்டிருந்தேன். அப்போது பார்த்து, வரிசையில் அடுத்த ஆளாக வந்து நின்றார் சூசை!

மகள் அங்கே இருப்பாள் என்று அவருக்குத் தெரியாது. அப்பா வருவார் என்று அவளுக்கும் தெரியாது. கையில் மனு, இடுப்பில் துண்டு, கக்கத்தில் ஓலைப்பெட்டி. டவாலி பெட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"இத வெளிய வையும்."

"நல்ல காரியம் கேக்க வந்திருக்கேன் அண்ணாச்சி. வெறுங்கையோட எப்பிடி வாரது?"

அந்தக் கடற்கரையில் அது வழக்கம். இன்னொரு வழக்கமும் உண்டு. மாதா கோயிலில் வேண்டுதலை ஒரே ஒரு தடவைதான் வைப்பார்கள். வைத்த பிறகு கிடைத்துவிட்டதாகவே நினைத்து நடக்க வேண்டும். மறுபடி கேட்டால் நம்பிக்கையில்லை என்று ஆகிவிடுமாம்.

"சொல்லுங்க பெரியவரே, என்ன வேணும்?" என்றார் கலெக்டர்.

"எம் மவளுக்கு ஒரு சர்க்கார் வேல..." என்று ஆரம்பித்தவர் நிமிர்ந்தார். பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். ஜெனோவாவின் கையில் சீல் அப்படியே நின்றது.

"மனுவைக் குடுங்க."

"இனி எதுக்குய்யா? அதான் ஒக்கார வச்சிட்டியளே!"

மனுவை மடித்து மடியில் செருகினார். கலெக்டருக்கு ஒரு கும்பிடு. மகளுக்கும் சேர்த்து ஒரு கும்பிடு. பெட்டியை மேஜையோரம் வைத்துவிட்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். டவாலி ஓடிப் போய்ப் பார்த்தார், ஆளைக் காணோம். "இதை வாங்கினா என் வேலை போயிடும் மேடம், ஹாஸ்டலுக்கு எடுத்துட்டுப் போங்க" என்று கலெக்டர் என்னிடம் தள்ளிவிட்டார். மீன் என் மடிக்கு வந்த கதை இதுதான்.

பஸ்ஸில் ஜெனோவா ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தாள். வெயில் சாய்ந்து உப்புக் குவியலெல்லாம் லேசாக ரோஸ் நிறத்தில் தெரிந்தது.

"அப்பா இந்நேரம் ஊர் முழுக்கச் சொல்லிருப்பாரு மிஸ்."

"நல்லதுதானே... கல்யாணம் நின்னுடும் இல்லியா?"

"நிக்கும் மிஸ். பொய்யில நிக்கும்."

கொஞ்ச நாளைக்குச் சும்மா இரேன் என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. கனவு தானாகவே ஓடிவந்து வாசலில் நிற்கும்போது யாராவது விரட்டுவார்களா? அவள் விரட்டினாள். சனிக்கிழமை ஊருக்குப் போய், கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அது வேலை இல்லை, சும்மா பார்க்கப் போனது, அந்த அதிகாரி திரும்பி வந்ததும் எழுந்துவிட்டேன் என்று.

சூசை வலையைக் கீழே வைத்தாராம். "நீ அந்த நாக்காலில ஒக்காந்தியா இல்லியா?"

"ஒக்காந்தேன்."

"வேலைய ஒழுங்காப் பாத்தியா?"

"பாத்தேன்."

"ஏளா, அப்பம் ஒன்ன எந்திரிக்கச் சொன்னது யாரு?"

ஜெனோவா இதை வந்து என்னிடம் சொன்னாள். இத்தனை வருஷமாகப் பாடம் நடத்துகிறேன். அதிகார நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நடத்தியிருக்கிறேன், யாரை எழுப்பிவிட்டார்கள் என்று ஒரு நாளும் நடத்தியதில்லை. வெட்கமாக இருந்தது.

இந்தத் திங்கட்கிழமையும் போனோம். வரிசையில் சூசையும் நின்றார். இந்தத் தடவை கையில் பெட்டி இல்லை. டவாலிகூட எட்டி எட்டிப் பார்த்தார். "இது வேண்டுதல் இல்ல அண்ணாச்சி, பிராது" என்றார் சூசை.

மனுவைக் கலெக்டர் உரக்கவே படித்தார். என் மகளை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டார்கள், யார் என்று விசாரித்துத் தர வேண்டும். இரண்டே வரி. ஹாலில் சிலர் சிரித்தார்கள். ஜெனோவாவை எதற்கு மறுபடி அழைத்து வந்தோம் என்று என்னையே நொந்துகொண்டேன். பெஞ்சில் ஜெனோவா மட்டும் தலையைக் குனியாமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து நாற்காலி அதிகாரி மனுவைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "எந்தத் துறைக்கு சார் அனுப்ப? மீன்வளமா, கல்வியா?"

கலெக்டர் சிரிக்கவில்லை. "நம்பர் போட்டு எங்கிட்டயே குடுங்க. இது சீக்கிரம் முடியாது" என்றார்.

சூசைக்கு அது போதுமாக இருந்தது. வெளியே வந்ததும் நேராக எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் ஆலந்தலைக்குப் பேசினார். கதவைச் சாத்தவில்லை. எனக்கும் ஜெனோவாவுக்கும் நன்றாகவே கேட்டது.

"ஆமா, மாப்ள வீட்ல சொல்லிருங்க. புள்ள வெசயமா சர்க்கார்ல ஒரு மனு நிலுவையில கெடக்கு. கலெக்டரே கையில வச்சிருக்காரு. அது முடியாம கல்யாணப் பேச்சு எடுத்தா நல்லாருக்காது. அதுவரைக்கும் அவ படிச்சிக்கிட்டு இருப்பா."

அவருக்கு உண்மையிலேயே புரியவில்லையா, எங்கள் எல்லோரையும் விட நன்றாகப் புரிந்துவிட்டதா? எனக்குத் தெரியவில்லை. ஜெனோவாவிடம் கேட்டேன். அழுதுகொண்டே சிரித்தாள்.

பொதுஜனங்களே, மன்னியுங்கள்... அரசாங்க ஆபீஸில் ஒரு மனு லேசில் முடிந்துவிடக் கூடாதே என்று வாழ்க்கையில் முதல் தடவையாக வேண்டிக்கொண்டிருக்கிறேன்!